சொந்த மைதானத்தில் மூன்றே வெற்றி: சென்னையின் எஃப்.சி.க்கு நம் ஊர்ப் பையன்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024-25 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து லீக் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. நம் சென்னையின் எஃப்.சி.க்கு 13 அணிகளில் 11-வது இடம். மார்ச் 9-ஆம் தேதி நேரு விளையாட்டரங்கில் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று வெளுத்துவிட்டுத்தான் சீசனை முடித்தார்கள். ஆனால் முதல் ஆறு அணிகள் மட்டும் போகிற பிளே-ஆஃப் சுற்றின் கதவு அதற்கு முன்பே சாத்தியாகிவிட்டது. அரங்கை விட்டு வெளியே வரும்போது முன்னால் போன இரண்டு கல்லூரிப் பையன்கள், "இந்த ஆட்டத்தை நவம்பர்லயே ஆடியிருக்கலாம்ல" என்று பேசிக்கொண்டு போனார்கள். எனக்கும் அதே ஆற்றாமைதான். ஐ.பி.எல். தொடங்கிவிட்டது. இனி சேப்பாக்கத்தைத் தவிர வேறு மைதானம் இந்த ஊரில் இருப்பதே பலருக்கு நினைவில் இருக்காது. அதற்குள் மனதில் இருப்பதை எழுதிவிட நினைத்தேன்.

பெரியமேடு சிடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் செருப்பு, ஷூ தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அரங்கம் நடந்து போகிற தூரம்தான். 2014-ல் இந்த அணி தொடங்கிய நாளிலிருந்து பார்த்துவருகிறேன். பிரேசில்காரர் எலானோ ஃப்ரீ கிக் அடிக்கத் தயாராக நின்றால் கேலரியே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இத்தாலிக்காரர் மாட்டராஸி பயிற்சியாளராக இருந்துகொண்டே களத்திலும் இறங்கி ஆடினார். அந்தக் காலத்திலிருந்து இந்த அணியோடு வந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இந்த சீசனில் 24 ஆட்டங்களில் 7 வெற்றி. அதில் நான்கு வெளியூரில் கிடைத்தவை. சொந்த மைதானத்தில் ஆடிய 12 ஆட்டங்களில் மூன்றே மூன்றுதான் வெற்றி: ஹைதராபாத், பஞ்சாப், கடைசியில் ஜாம்ஷெட்பூர். ஆறு ஆட்டங்களில் தோல்வி. கால்பந்தில் சொந்த மைதானம் என்றால் பாதி பலம் என்பார்கள். அந்தப் பாதி பலம் நம் அணிக்கு எங்கே போனது?

வெளியூரில் இதே அணி எப்படி ஆடியது என்று பாருங்கள். செப்டம்பரில் முதல் ஆட்டமே புவனேஸ்வரில். ஒடிஷா முதலில் கோல் போட்டுவிட்டது. இடைவேளை முடிந்து வந்த சில நிமிடங்களில் நம் ஃபரூக் சௌத்ரி அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார், 3-2 என்று ஜெயித்தோம். அக்டோபரில் குவாஹாட்டியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியையும் அதே 3-2. நவம்பரில் ஜாம்ஷெட்பூருக்கே போய் 5-1. பிப்ரவரி 8-ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்காலை 3-0. சால்ட் லேக்கில் போய் அந்தக் கூட்டத்தின் நடுவே மூன்று கோல் அடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். அதே ஈஸ்ட் பெங்கால் டிசம்பரில் இங்கே வந்தபோது 0-2 என்று நாம்தான் தோற்றோம். ஐ.எஸ்.எல்.லுக்குப் புதிதாக வந்த முகமதன் அணி தன் முதல் ஐ.எஸ்.எல். வெற்றியை எடுத்ததும் நம் மைதானத்தில்தான். டிசம்பர் கடைசியில் பெங்களூரு வந்து நான்கு கோல் போட்டுவிட்டுப் போனது.

எல்லாவற்றையும்விட வலித்தது ஜனவரி 30-ஆம் தேதி கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டம். மற்ற அணிகளிடம் தோற்றால் இரண்டு நாளில் மறந்துவிடலாம். கேரளாவிடம் தோற்றால் அப்படி இல்லை. நவம்பரில் கொச்சியில் 0-3 என்று வாங்கியதற்கு இங்கே பதில் கொடுப்பார்கள் என்று நம்பிப் போனோம். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், மூன்றாவது நிமிடத்திலேயே கேரளா கோல் போட்டுவிட்டது. சரி, இன்னும் நேரம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டால், நம் முன்கள வீரர் வில்மர் ஜோர்டான் கேரளத் தற்காப்பு வீரரோடு மோதி முதல் பாதியிலேயே ரெட் கார்டு வாங்கிக்கொண்டு வெளியே போனார். அப்புறம் பத்து பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் 1-3.

ஜோர்டான் இந்த சீசனில் நமக்கு அதிக கோல் அடித்தவர், அதை மறக்கவில்லை. பெனால்டி பாக்ஸுக்குள் முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டே பந்தை அடக்கித் திரும்புகிற திறமை அவருக்கு உண்டு. ஆனால் அணியே தன்னை நம்பி நிற்கும்போது ஒரு மூத்த வீரர் கோபத்தை அடக்கத்தான் வேண்டும். அன்றைக்கு அவர் செய்தது தவறு.

வெளியூரில் ஜெயித்து உள்ளூரில் தோற்பதற்கு ஆட்ட முறையில் ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெளியூரில் எதிரணி தன் ரசிகர்கள் முன்னால் ஏறி ஆடும், பின்னால் காலி இடம் விடும். அங்கே பந்தைப் போட்டு ஃபரூக்கையும் இர்ஃபான் யாத்வாட்டையும் ஓடவிட்டால் போதும், பிடிக்க ஆள் இருக்காது. சென்னைக்கு வருகிற அணிகள் அப்படி ஏறுவதில்லை. கோலுக்கு முன்னால் இரண்டு வரிசையாகச் சுவர் கட்டிவிட்டு, கிடைக்கிற ஒரு கவுன்டருக்காக, அதாவது பந்தைப் பறித்துச் சட்டென்று திருப்பித் தாக்குவதற்காக, காத்திருக்கின்றன. நம்மவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுகிறார்கள். வழி தெரியாமல் கடைசியில் விங்கிலிருந்து ஒரு கிராஸ் போடுகிறார்கள். அதை அவர்களுடைய உயரமான தற்காப்புக்காரர் தலையால் தட்டி வெளியே அனுப்பிவிடுகிறார். கேலரியிலிருந்து பார்த்தால் இது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கும்.

அந்தச் சுவரில் சந்து கண்டுபிடிக்க நடுக்களத்தில் ஓர் ஆள் வேண்டும். முன்பு ரஃபேல் அகஸ்டோ இருந்தார். 2019-20-ல் ரஃபேல் கிரிவெல்லாரோ இருந்தார். அவர் தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தால் போதும், முன்கள வீரர் வால்ஸ்கிஸ் ஓடத் தொடங்கிவிடுவார். அந்த சீசனில் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்ததற்குப் பின்னால் அந்தப் பார்வை இருந்தது. இந்த முறை அந்த வேலையை ஏறக்குறைய தனியாகச் செய்தவர் கானர் ஷீல்ட்ஸ். அந்த ஸ்காட்லாந்துக்காரரை எத்தனை பாராட்டினாலும் தகும். கார்னர் அவர், ஃப்ரீ கிக் அவர், கிராஸ் அவர். பந்து பறிபோனால் நம் பெனால்டி பாக்ஸ் வரை திரும்ப ஓடி வருகிறவரும் அவர்தான். எண்பது நிமிடம் கழித்தும் அப்படி ஓடுகிற ஒருவரைப் பார்க்கும்போது, மற்றவர்கள் நடப்பது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஜனவரியில் கேரளாவிலிருந்து ப்ரீத்தம் கோட்டால் வந்த பிறகு தற்காப்பில் பேச்சு சத்தம் கேட்கத் தொடங்கியது. அதுவும் நல்ல விஷயம். தற்காப்புக்காரர்கள் பேச வேண்டும்.

இதெல்லாம் பயிற்சியாளர் சரிசெய்யக்கூடியவை. பயிற்சியாளர் ஓவன் காய்லை உடனே அனுப்பிவிட வேண்டும் என்று கேலரியில் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2019 டிசம்பரில் பட்டியலின் அடியில் கிடந்த அணியை எடுத்து இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர் அவர். அவர் போன பிறகு லாஸ்லோ, பண்டோவிச், பிர்டாரிச் என்று ஆண்டுக்கு ஒருவர் வந்தார்கள், மூன்று சீசனும் எட்டாவது இடம்தான். காய்ல் திரும்பி வந்துதான் சென்ற சீசனில் ஆறாவது இடம் பிடித்து பிளே-ஆஃப் பார்த்தோம். வருஷா வருஷம் ஆளை மாற்றி என்ன கண்டோம்?

நான் சொல்ல வந்தது இதற்கும் அடியில் இருக்கிறது. சொந்த மைதானம் சும்மா பலம் தந்துவிடாது. களத்தில் நிற்பவர்களில் சிலராவது அந்த ஊரைத் தன் ஊர் என்று நினைத்தால்தான் தரும். இந்த சீசனில் நம் அணி நேரு அரங்கில் விருந்தாளி மாதிரி ஆடியது. தொடர்ந்து இறங்கி, அணியைத் தாங்கி நின்ற தமிழ்நாட்டுப் பையன் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. ஐ.எஸ்.எல். விதிப்படி களத்தில் ஏழு இந்திய வீரர்கள் நின்றாக வேண்டும். அந்த ஏழில் இரண்டு பேர் வியாசர்பாடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வரக்கூடாதா?

2018 மார்ச் 13-ஆம் தேதி கோவாவுடன் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஜெஜெ முதல் கோல் போட்டார், கூட்டம் ஆர்ப்பரித்தது. சில நிமிடங்களில் தனபால் கணேஷ் தலையால் முட்டி இரண்டாவது கோல் போட்டார். அப்போது எழுந்த சத்தம் வேறு மாதிரி. வியாசர்பாடிப் பையன், மண் மைதானத்தில் ஆடி வளர்ந்தவன், சென்னையை இறுதிப் போட்டிக்கு அனுப்புகிறான். என் பக்கத்தில் இருந்தவர் யார் என்றே எனக்குத் தெரியாது, அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். 3-0 என்று முடித்து, நான்கு நாளில் பெங்களூருக்கே போய் 3-2 என்று கோப்பையை எடுத்து வந்தார்கள். அடுத்த சீசனில் முழங்கால் காயத்தால் கணேஷ் ஆட முடியவில்லை. அந்த முறை வெறும் 9 புள்ளிகளோடு கடைசி இடம். ஒருவர் இல்லாததால்தான் எல்லாம் சரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுக்களத்தில் அவர் விட்டுப்போன இடம் கேலரியிலிருந்தே தெரிந்தது.

ஊர்ப் பையன் என்றால் இங்கே பிறந்தவன் மட்டும்தான் என்பது என் வாதம் இல்லை. அனிருத் தாப்பா டேராடூன்காரர். பதினெட்டு வயதில் இங்கே வந்து, நம் சட்டையில் வளர்ந்து, கேப்டனாகி, 2023-ல் மோகன் பகானுக்குப் போனபோது சொந்த வீட்டுப் பிள்ளையை அனுப்பிய வருத்தம் எங்களுக்கு. அப்படி ஒருவரை ஏழு வருஷம் வைத்திருந்தாலும் ஊர்ப் பாசம் வந்துவிடும். இப்போது இரண்டுமே இல்லை. ஒரு சீசன் ஆடுகிறார்கள், முகம் பழகுவதற்குள் வேறு சட்டைக்கு மாறிவிடுகிறார்கள்.

நம் ஆட்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்னைப் பையன் நந்தகுமார் 2023 டியூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே கோல் போட்டு, கொல்கத்தாவின் இந்த இரண்டு அணிகளும் மோதும் டெர்பியில் நான்கு வருஷத்துக்கும் மேலாக வெற்றி காணாத கூட்டத்தை ஆட வைத்தார். அடுத்த ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதிப் போட்டியிலும் அவர் கோல் உண்டு. சிவகங்கை மாவட்டத்து சிவசக்தி 2022 டியூராண்ட் இறுதிப் போட்டியில் பெங்களூருக்காக கோல் போட்டுக் கோப்பை வாங்கினார். கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணி நிறைய தமிழ்நாட்டுப் பையன்களை இறக்கித்தான் 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2023-ல் தேசிய சாம்பியன். கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் கொண்டாடுகிற கால்கள் நம்முடையவை. அவற்றை ஏன் நேரு அரங்கில் பார்க்க முடியவில்லை?

என் பட்டறைக்கு வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி பையன்கள் பூட்ஸ் தைக்கக் கொண்டுவருவார்கள். பூட்ஸைப் பார்த்தாலே ஆட்டம் ஓரளவு தெரிந்துவிடும். நுனி பிளந்திருந்தால் மூக்கால் அடிக்கிற பழக்கம் இன்னும் போகாதவன். உள்பக்கம் கட்டைவிரலுக்கு மேலே தையல் விட்டு, தோல் மழமழவென்று தேய்ந்திருந்தால் பாஸ் கொடுத்து ஆடுகிறவன். போன மாதம் ஒரு பையன் கொண்டுவந்த பூட்ஸில் இரண்டு காலிலும் உள்பக்கம் ஒரே அளவு தேய்ந்திருந்தது. இரண்டு காலாலும் ஆடுகிற பையன். வயது பதினைந்து இருக்கும். அது அவன் அண்ணனுடைய பூட்ஸ், ஒரு சைஸ் பெரியது, நுனியில் பஞ்சு அடைத்திருந்தான். அடியில் பிடிப்புக்காக இருக்கும் குமிழ்கள், ஸ்டட் எல்லாம் மொட்டையாகிவிட்டது. புல்தரைக்காகச் செய்த ஸ்டட்டை இறுகிய மண்ணிலும் ஜல்லியிலும் போட்டு ஆடினால் அப்படித்தான் ஆகும். சோலைப் பிரித்து, பசை வைத்து, சுற்றிலும் தையல் போட்டுக் கொடுத்தேன். "டீமுக்கு ஆள் எடுக்கிற டிரையல்ஸ் எதுக்காவது போனியாப்பா?" என்று கேட்டேன். "எப்ப நடக்குதுன்னே தெரியல அங்கிள், முடிஞ்ச அப்புறம்தான் சொல்றாங்க" என்றான்.

அவனுடைய மைதானத்திலிருந்து நேரு அரங்கம் வரை சைக்கிளில் வந்துவிடலாம். நம் கிளப் அந்தப் பையனைத் தேடி அங்கே போக வேண்டும், அவன் வந்து கதவைத் தட்டட்டும் என்று இருக்கக் கூடாது. சென்னை சீனியர் டிவிஷன் லீக் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கட்டும். இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ் என்று எத்தனையோ காலமாக ஆட்டக்காரர்களை உருவாக்கிய அணிகள் இங்கே உண்டு. அங்கே ஆடுகிறவர்களில் ஆண்டுக்கு இரண்டு பேரையாவது முதன்மை அணியோடு சேர்த்து, பெஞ்சில் உட்கார வைத்துவிடாமல் களத்தில் இறக்க வேண்டும். இந்த சீசனில் பிளே-ஆஃப் வாய்ப்பு போன பிறகும் ஆட்டங்கள் மீதி இருந்தன. இழக்க ஒன்றுமில்லாத அந்த ஆட்டங்களில்கூட இளம் பையன்களுக்கு இன்னும் அதிக நேரம் கொடுத்திருக்கலாம். அது எனக்குப் பெரிய மனக்குறை.

இந்த அணி ஊரோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை நிர்வாகம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்து சென்னை முடங்கிக் கிடந்தது. அரையிறுதியை இங்கே நடத்த முடியாமல் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். சொந்த மண் இல்லாமலே அங்கே அட்லெடிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். இறுதிப் போட்டியில் கோவா 2-1 என்று முன்னால் போய், ஆட்டம் முடிய நிமிடங்களே இருந்தபோது கோவாக்காரரே தன் வலைக்குள் விட்ட ஒரு ஓன் கோல், அடுத்து நம் மெண்டோசா ஒரு கோல், 3-2 என்று கோப்பை நமக்கு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சேறு கழுவி முடித்திருக்கவில்லை. டி.வி. இருந்த வீட்டு வாசலில் நின்று பார்த்த கூட்டம் அன்று ராத்திரி வெடி வாங்கி வந்து கொளுத்தியது. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று ரசிகர் கூட்டங்கள் இன்றைக்கும் தோல்வியானாலும் தொண்ணூறு நிமிடமும் மேளம் அடித்துப் பாடுகிறார்கள் என்றால் அந்தக் கடன் இருப்பதால்தான்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு விண்ணப்பம். ஜாம்ஷெட்பூர் வெற்றி தங்கள் நாளிதழில் ஒரு மூலையில் சில வரிகளில் வந்தது. அதற்காக வருத்தப்படவில்லை, 11-வது இடத்தில் இருக்கும் அணிக்கு அவ்வளவுதான் இடம் கிடைக்கும். ஆனால் சென்னை சீனியர் டிவிஷன் லீக் முடிவுகளையாவது போடுங்கள். யார் யாரோடு ஆடினார்கள், எத்தனை கோல், போட்டவர் பெயர், அவர் எந்தப் பகுதிக்காரர், இவ்வளவு போதும். பேப்பரில் பெயர் வந்தால் அந்தப் பையன் அதை வெட்டி வைத்துக்கொள்வான். அவன் அப்பா டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டுவார். "கால்பந்து சோறு போடுமா?" என்று கேட்கிற வீட்டில் அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் விளையாட அனுமதி கிடைக்கும். அதோடு டிரையல்ஸ் எந்த மைதானத்தில், எந்தத் தேதியில் என்ற விவரத்தையும் எந்த கிளப் நடத்தினாலும் முன்கூட்டியே வெளியிடுங்கள். வேலைவாய்ப்புச் செய்தி போடுகிற பக்கத்தில் இரண்டு வரி ஒதுக்கினால் போதும்.

தங்கள் விளையாட்டு நிருபர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரத் தயாராக இருந்தால், பெரியமேட்டிலிருந்து நானே வண்டியில் கூட்டிப் போகிறேன். புளியந்தோப்பிலிருந்து வியாசர்பாடி முல்லை நகர் வரை எந்த மைதானத்தில் யார் ஆடுகிறார்கள் என்று காட்டுகிறேன். எட்டரை மணிக்கு வெயில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
சிடன்ஹாம்ஸ் சாலை,
பெரியமேடு, சென்னை - 600003.